குளத்துக்குள் ஒரு ரவுண்டு

அந்த வருஷம் மழை வரக் கூடாது என்று வேண்டிக்கொண்ட ஒரே ஆள் எங்கள் ஊரில் நான் மட்டும்தான். கன்னிவாடிப் பக்கம் எங்கள் ஊர். மூன்று வருஷமாகக் குளத்தில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அம்மாவின் மல்லிகைத் தோட்டத்துக் கிணற்றில் வாளி தரையில் இடித்தது. பெண்கள் முளைப்பாரி எடுத்துக் குலவை போட்டபோது நானும் கூடவே போட்டேன். மனசுக்குள் மட்டும் மாரியாத்தாவிடம் தனியாக ஒன்றைச் சொல்லி வைத்தேன்: ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரை பொறுத்துக்கொள், அப்புறம் எவ்வளவு வேண்டுமானாலும் பெய்துகொள்.

காரணம் அப்பாவின் கார். அப்பா திண்டுக்கல்லில் நூல் மில்லில் ஃபிட்டர். இரண்டு கை மாறி வந்த ஒரு சின்னக் காரை வாங்கி, ரேஸ் வண்டியாக்குகிறேன் என்று கிளம்பியிருந்தார். எடை குறைய வேண்டுமாம். பின்சீட்டைக் கழற்றி வாசலில் போட்டார். கதவின் உள் அட்டை, தரைவிரிப்பு, ரேடியோ, சிகரெட் சாம்பல் தட்டும் பாத்திரம் வரை வெளியே வந்தன. கழற்றிய சின்னச் சாமான்களை அம்மாவின் பூத் தராசில் நிறுத்துப் பார்த்துச் சந்தோஷப்படுவார். பூவில்லாத தராசுக்கு அந்த வேலையாவது கிடைத்ததே என்பாள் அம்மா. வண்டி உருண்டாலும் ஆள் நசுங்காமலிருக்க உள்ளே இரும்புக் குழாயில் கூண்டு வந்தது. எஞ்சினுக்கு அடியில் கல் படாமலிருக்கத் தகடு வந்தது. ஓட்டிவிட்டு வந்து ஏர் ஃபில்டரைத் தட்டினால் கைப்பிடி கைப்பிடியாகப் புழுதி கொட்டும். மனுஷர் உட்கார இடமில்லாத வண்டியில் ஏற மாட்டேன் என்று அம்மா டவுன் பஸ்ஸிலேயே போய்வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ரேஸ், வறண்ட குளத்துக்குள்தான் நடப்பதாக இருந்தது. பஞ்சாயத்தில் கேட்டாயிற்று. அப்பாவைப் போலவே கார்ப் பைத்தியம் பிடித்த ஒன்பது பேர் மதுரையிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் வண்டி கொண்டு வருகிறார்கள். பரிசு ஒரு பித்தளைக் கோப்பை. அப்பாவுக்குக் கோப்பைகூட முக்கியமில்லை. சின்ன வயதிலிருந்து பத்திரிகையில் படம் பார்த்தே ஏங்கியவர், நாற்பது வயதுக்குள் ஒரு தடவையாவது ஓட்டிவிட வேண்டும் என்றிருந்தார். என் ஏக்கம் வேறு. ரேஸ் முடிந்ததும் இடதுபக்க சீட்டில் என்னை உட்கார வைத்து, அதே வேகத்தில் ஒரு ரவுண்டு அடிப்பதாக வாக்குக் கொடுத்திருந்தார். அந்த சீட்டை நான் தினமும் துடைத்து வைத்தேன்.

வண்டிகள் குளத்துக்குள் இறங்க ஒரே தடை, மலைத் தண்ணீரைக் குளத்துக்குக் கொண்டு வரும் வாய்க்கால். அப்பா இரண்டு டிராக்டர் மண் அடித்து அதை மூடிப் பாதை போட்டார். சுற்றி நின்று பார்த்தவர்கள் எல்லோரும் விவசாயிகள். அடியில் ஒரு குழாய் பதிக்க வேண்டும் என்று அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தண்ணீர் வரும் என்ற நினைப்பே அத்தனை பேருக்கும் விட்டுப்போயிருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் அப்பா குளத்துக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கரையில் நின்றேன். ஊரில் நல்ல வெயில். அப்போது பெரியப்பா மண்வெட்டியோடு ஓடி வந்தார். பின்னாலேயே பத்துப் பேர், அம்மாவும்தான். மலையில் கொட்டியிருக்கிறது. வாய்க்காலில் செந்தண்ணீர் சருகும் நுரையுமாக வந்து, அப்பா போட்ட மண்ணில் முட்டிப் பக்கவாட்டில் வழிந்து ஓடைக்குப் போய்க்கொண்டிருந்தது. ஓடைக்குப் போனால் குளத்துக்கு இல்லை, கிணறுகளுக்கும் இல்லை. ஊரில் பெய்யாதே என்றுதான் நான் கேட்டிருந்தேன், மலையைச் சொல்ல மறந்துவிட்டேன்.

யாரும் அப்பாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மா அவர் முகத்தைப் பார்க்காமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா காரை மண் பாதை வழியாக மேலே ஏற்றி நிறுத்திவிட்டு வந்தார்.

“நீ தள்ளிக்க. நாங்க வெட்டிக்கிறோம்” என்றார் பெரியப்பா.

“நான் போட்ட மண்ணுண்ணே. நானே வெட்டுறேன்.”

ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. பாதி வெட்டியதுமே மீதியைத் தண்ணீரே அறுத்துக்கொண்டு போயிற்று. குளத்துக்குள் ரேஸ் வளைவுகளுக்குப் போட்டிருந்த சுண்ணாம்புக் கோடுகள் ஒவ்வொன்றாகக் கரைந்தன. ஆட்கள் தண்ணீரில் இறங்கிச் சின்னப் பிள்ளைகளாகக் கும்மாளம் போட்டார்கள். அப்பா ஒன்பது பேருக்கும் வர வேண்டாம் என்று போன் செய்யப் போனார்.

சாயங்காலம் அவர் காரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, அம்மா முகம் கழுவிச் சேலை மாற்றி வெளியே வந்தாள்.

“ஏங்க, ஒரு ரவுண்டு போயிட்டு வருவோமா?”

அப்பா துணியைக் கீழே போட்டார். அம்மா குனிந்து கூண்டுக்குள் நுழைந்து நான் துடைத்து வைத்த சீட்டில் உட்கார்ந்தாள். பெல்ட்டை அப்பா மாட்டிவிட்டார். என்னை யாரும் கூப்பிடவில்லை. வாசலில் கிடந்த பின்சீட்டில் உட்கார்ந்து, சைலன்சர் சத்தம் ரோட்டு முனை தாண்டித் தேய்கிற வரை கேட்டுக்கொண்டே அழுதேன். கேட்ட தண்ணீரும் கிடைத்து, என் ரவுண்டையும் பறித்துக்கொண்ட அம்மாவை எனக்கு அன்று பிடிக்கவேயில்லை.

திரும்பி வந்ததும் எவ்வளவு வேகம் போனீர்கள் என்று கேட்டேன்.

“எங்க வேகம்? குழி குழியாப் பாத்து மெல்லத்தான் ஓட்டுனாரு” என்றாள் அம்மா. கண் சிவந்திருந்தது, புழுதி என்றாள்.

கிணறு ஊறிச் செடிகள் பூக்கத் தொடங்கியபோது, அப்பா கூண்டை அறுத்தெடுத்தார். பின்சீட் இல்லாத வண்டியில் பூ மூட்டை நிறைய ஏறும். மில்லுக்குப் போகும் வழியில் திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் இறக்கிவிட்டுப் போவார். இடது சீட்டிலும் பூக்கூடைதான். இன்று எனக்கே ஒரு கார் இருக்கிறது, நன்றாகவே ஓட்டுவேன். ஆனாலும் அந்த இடது சீட்டுக்கு இன்னும் ஏங்குகிறேன்.

அன்று ராத்திரி மட்டும் எனக்கு ஏக்கமே இல்லை. மெல்ல ஓட்டியது ரேஸ் ரவுண்டில் சேராது, என் ரவுண்டு அப்படியே பத்திரமாக இருக்கிறது என்று கணக்குப் போட்டு நிம்மதியாகத் தூங்கினேன். அந்த ஒரு ரவுண்டுதான் அப்பாவின் ரேஸ் என்பதும், அம்மா அதற்குத்தான் சேலை மாற்றிக்கொண்டு வந்தாள் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது.