வெயிலுக்கு வைத்த பொட்டு

சிங்கப்பூருக்குக் கிராணியாக, அதாவது ஆபீஸ் குமாஸ்தாவாக, வந்த புதிதில், சூரியனை அளக்கும் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள்.

அதற்கென்று சீமையிலிருந்து ஒரு பெட்டி வந்திருந்தது. அதன் கண்ணாடி மூடிக்கு அடியில் மருந்து பூசிய காகிதத்தை வைத்து வெயிலில் காட்ட வேண்டும். காகிதம் கறுத்து, கூடவே வந்த மாதிரி அட்டையின் நிறத்தை எட்ட எத்தனை விநாடி ஆகிறது என்று எழுத வேண்டும். சீக்கிரம் கறுத்தால் கண்ணுக்குத் தெரியாத கதிர் அதிகம், மெல்லக் கறுத்தால் குறைவு. எங்கள் துரை அந்தக் கதிரைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவார், தொங்கு விசிறிக்குக் கீழே உட்கார்ந்தபடி. பெட்டி இருந்த முற்றத்துக்கு ஒரு நாளும் வந்ததில்லை.

ஆயுத பூசை வந்தது. டைப்ரைட்டர், மைக்கூடு, அலமாரிப் பூட்டு எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். சூரியப் பெட்டிக்கு மட்டும் ஓரவஞ்சனை செய்யலாமா? கண்ணாடி மூடியில் பட்டையாகத் திருநீறு, நடுவில் பெரிதாகச் சந்தனம், அதன்மேல் குங்குமம். பூசைக்கு வைத்ததை அழிப்பது எங்கள் வழக்கமில்லை, தானாக உதிரட்டும் என்று விட்டுவிட்டேன். மறுநாளிலிருந்து காகிதம் ஆடி அசைந்துதான் கறுத்தது. கண்டதை எழுதுவதுதானே கிராணியின் வேலை, எழுதினேன்.

துரை பூரித்துப்போனார். இந்த ஊர் வெயில் வெறும் பூச்சாண்டி, லண்டன் வெயிலைவிடச் சாது என்று மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினார். சிராங்கூன் சாலையில் கல் பரப்பும் கூலிகளுக்கு இருந்த உச்சிவேளை ஓய்வு பறிபோனது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூடியைப் புளி போட்டுத் தேய்த்தேன். காகிதம் சட்டென்று கறுத்தது. வேலை போனாலும் போகட்டும் என்று துரையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபிக்கவே இல்லை. அறிக்கை போய்விட்டது, ஆகவே பழுது பெட்டியில்தான் என்றார். புதிய கணக்கு பழையதோடு ஒத்துப்போக, தினமும் பெருக்கி எழுதச் சொல்லி ஓர் எண்ணைக் கொடுத்தார். அதற்குப் பெயர் திருத்தமாம். வெட்கக்கேடு, நானும் பெருக்கினேன்.

ஒரு நாள் உச்சிவெயிலில் குடை பிடித்துக்கொண்டு சிராங்கூன் சாலையில் போனேன். கல் கூடையை இறக்கிய கூலி ஒருவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஐயா, வெயில அளக்கிற கிராணி நீங்கதானே?"

"ஓம்."

"இன்னைக்கு எப்படிங்க?"

புத்தகத்தில் எழுதியிருந்ததைச் சொன்னேன். "குறைவுதான்."

அவர் தலைத்துண்டை அவிழ்த்துப் பிழிந்தார்.

"அப்ப அந்தக் குடைய இங்க குடுத்துட்டுப் போங்க. உங்களுக்கு எதுக்கு?"

நான் கொடுக்கவில்லை. வேகமாக நடந்துவிட்டேன்.