பத்தொன்பது சட்டைகள்

சட்டை தைக்கும் கம்பெனியில் அவளைக் கழுகு என்றுதான் சொல்வார்கள். அவள் செக்கர். தைத்து வரும் சட்டையை உட்புறம் திருப்பிப் பார்த்து, கோணல் தையலோ எண்ணெய்க் கறையோ இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவது வேலை. இருபது வருஷமாகச் செய்கிறாள். அவள் மேசைக்குச் சட்டை போகிறது என்றாலே டெய்லர்கள் தையலை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்துக்கொள்வார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, இல்லையென்று சொன்னால் பொய்.

நாற்பத்தொரு வயதில் ஞாயிற்றுக்கிழமைக் கல்லூரியில் பட்டப்படிப்புக்குச் சேர்ந்தாள். "படிச்சு என்ன, ஜட்ஜாகப் போறியா?" என்று பஸ் ஓட்டும் புருஷன் கேட்டார்.

"ஜட்ஜ் ஆனா முதல்ல உங்களத்தான் உள்ள தள்ளுவேன்."

மற்ற பாடமெல்லாம் தேவலை. கட்டுரை வகுப்புதான் அவளைப் படுத்தி எடுத்தது. ஓர் ஆய்வைப் படித்து, அதை ஏற்கிறோமா மறுக்கிறோமா என்று வாதாடி எழுத வேண்டும். கொடுத்த ஆய்வும் தையல் கம்பெனிகளைப் பற்றியதுதான். பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்கினாலும் தையலின் தரம் குறையாது என்றது அது. கடைசி இரண்டு மணி நேரத்தில்கூட செக்கர்கள் திருப்பி அனுப்பும் சட்டைகள் அதிகமாகவில்லையாம், அதுதான் ஆதாரம். பழக்கதோஷத்தில் அவள் பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினாள். கூட்டல் பிசகிய இடம், தேதி மாறிய இடம், சொன்னதையே திரும்பச் சொன்ன இடம் என்று முப்பத்தாறு குறைகளை எழுதிக் கொடுத்துவிட்டு, முதல் மார்க் நமக்குத்தான் என்று காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஃபெயில்.

ஆசிரியை அவளைவிடப் பத்து வயது சின்னவள். "குறையெல்லாம் சரியாத்தான் பிடிச்சிருக்கீங்கக்கா. ஆனா நீங்க என்ன சொல்ல வர்றீங்க? அவங்க முடிவு சரியா, தப்பா?"

"அதைச் சொல்றது என் வேலை இல்லையே மேடம். குறையைக் காட்டினா போதும், டெய்லர் பிரிச்சுத் தைச்சுக்குவாரு."

"இங்க டெய்லரும் நீங்கதான்க்கா. இன்னொரு தடவை எழுதுங்க. அதுவும் போச்சுன்னா இந்த வருஷமே போச்சு."

கோபம் மூக்குக்கு மேல் வந்தது. அந்தக் கோபத்தோடேயே ஆய்வை மறுபடி படித்தாள். இந்த முறை கூட்டலையும் தேதியையும் விட்டுவிட்டு, அந்த ஆதாரத்தில் மட்டும் கண்ணை வைத்தாள். கடைசி நேரத்தில் செக்கர்கள் திருப்பிய சட்டைகள் அதிகமாகவில்லை, சரி. தையல் நன்றாக இருந்ததால்தானா? அந்த நேரத்தில் செக்கரின் கண் எந்த லட்சணத்தில் இருக்கும் என்று எழுதியவர்கள் ஒரு வரிகூடக் கேட்கவில்லை.

அவள் கம்பெனியிலும் பன்னிரண்டு மணி நேரம்தான். வாடிக்கையாளர்கள் குறை சொல்லித் திருப்பி அனுப்பிய சட்டைகள் ஸ்டோர் ரூமில் கிடந்தன. ஒவ்வொன்றிலும் செக்கரின் எண்ணும் செக் செய்த நேரமும் எழுதிய சீட்டு இருக்கும். மேனேஜரிடம் கேட்டுக்கொண்டு, நான்கு நாள் சாப்பாட்டு நேரத்தில் எண்ணினாள். இருநூற்றுப் பத்தில் நூற்று முப்பத்திரண்டு, கடைசி இரண்டு மணி நேரத்தில் செக் ஆனவை. வாதம் கைக்கு வந்துவிட்டது. ஆனால் அதில் பத்தொன்பது சீட்டுகளில் அவள் எண் இருந்தது.

அந்தப் பத்தொன்பதில் ஒரு சட்டையைத் திருப்பிப் பார்த்தாள். அக்குளில் ஒரு விரல் நுழையும் அளவுக்குத் தையல் விட்டிருந்தது. அதையும் அவள்தான் சரி என்று அனுப்பியிருக்கிறாள்.

"என் எண்ணை மட்டும் விட்டுட்டு எழுதிடட்டுமா?" என்று வீட்டில் கேட்டாள்.

புருஷன் கழற்றிய காக்கிச் சட்டையை ஆணியில் மாட்டினார். "எனக்கும் கடைசி ட்ரிப்புல சிக்னல் மங்கலாத்தான் தெரியுது. இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல. வெட்கமா இருக்கும்ல" என்றார்.

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இப்படி ஆளாளுக்கு வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டிருந்தால், ஆய்வு சொல்வதுதான் உண்மை என்று ஆகிவிடாதா? உட்கார்ந்து எழுதினாள்.

'நான் இருபது வருட அனுபவமுள்ள செக்கர். காலையில் எனக்குத் தப்பாத குறை, பதினோராவது மணி நேரத்தில் தப்பிவிடுகிறது. சாட்சி பத்தொன்பது சட்டைகள். கடைசி நேரத்தில் செக்கர்கள் திருப்பும் சட்டைகளின் எண்ணிக்கை கூடாததற்குத் தையலின் தரம் காரணம் என்கிறது இந்த ஆய்வு. செக்கரின் களைப்புதான் காரணம் என்கிறேன் நான்.'

ஒரு கம்பெனியை வைத்து எல்லாக் கம்பெனியையும் சொல்லிவிட முடியாது என்று தானே ஒப்புக்கொண்டாள். அப்படியானால் மற்ற இடங்களிலும் வாடிக்கையாளர்களிடமிருந்து திரும்பி வந்த சட்டைகளை எண்ணிப் பாருங்கள் என்று முடித்தாள்.

வகுப்பிலேயே அதிக மார்க் அவளுக்குத்தான். எல்லோரும் போன பிறகு ஆசிரியை அவளை நிறுத்தினாள். "மூணு வருஷமா இந்த ஆய்வைப் பாடமா நடத்துறேன்க்கா, எனக்கே இது தோணல. அடுத்த வருஷத்துல இருந்து இதோட உங்க கட்டுரையையும் படிக்கக் கொடுக்கப்போறேன்."

அவள் மார்க்கை இன்னொரு தடவை பார்த்துக்கொண்டாள். ஆசிரியை கொஞ்சம் தயங்கினாள். "உங்க பேரை மட்டும் எடுத்துரட்டுமா? கம்பெனில யாராவது பார்த்தா உங்களுக்குச் சங்கடம்."

"பேரும் இருக்கட்டும், என் செக்கர் எண்ணும் இருக்கட்டும் மேடம்" என்றாள் அவள். "பேரில்லாம எழுதினா அது மொட்டைக் கடுதாசி. நீங்க எனக்குக் கட்டுரை எழுதத்தானே சொல்லிக் குடுத்தீங்க?"