குடலை இட்லியும் மூன்றாம் வகுப்புப் பின்னமும்

நேற்று மாலை என் பேத்தி தன் கணிதப் புத்தகத்தை என் மடியில் விரித்துப் போட்டாள். வட்டமான கேக் ஒன்றை எட்டுத் துண்டுகளாக அறுத்து, மூன்றுக்கு மட்டும் வண்ணம் தீட்டியிருந்தார்கள். வண்ணமிட்ட பகுதி எவ்வளவு என்பது கேள்வி. நான் விடை கூறுவதற்குள், நண்பரே, சுக்கும் மிளகும் நெய்யும் கலந்த மணமொன்று வந்து மூக்கில் ஏறிற்று. வீட்டில் அன்று வெறும் உப்புமா. ஆகவே அந்த மணம் ஐம்பது ஆண்டுகளுக்கு அப்பாலிருந்துதான் புறப்பட்டிருக்க வேண்டும்.

அப்போது நான் சின்னக் காஞ்சிபுரத்தில் ஓர் ஆரம்பப் பாடசாலையில் மூன்றாம் வகுப்புக்குத் தற்காலிக உபாத்தியாயன். என் கல்வியோ, பிறர் வீட்டுப் புத்தகங்களை இரவல் வாங்கி நானே கற்றது. அவற்றுள் பலவற்றுக்குக் கடைசிப் பக்கங்கள் இரா. பின்னக் கணக்கு வருவது அங்கேதான். எனவே அரை, கால் வரை எனக்கு அச்சமில்லை. எட்டில் ஒன்றாகிய அரைக்காலில் சற்றுத் தடுமாறுவேன். அதிலும் பாதியான மாகாணிக்குள் நுழைய நேர்ந்தால், பிள்ளைகளைப் பாராமல் சன்னலைப் பார்த்தவாறே பாடம் நடத்துவேன்.

எங்கள் தலைமையாசிரியர் நல்ல மனிதர். ஆயினும் தம் மரியாதையைக் குடையைப் போல எப்போதும் கையிலேயே வைத்திருப்பவர். ஒருநாள் என்னை அழைத்தார்.

"வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் வர்றாரு. உம்ம வகுப்புல பின்னந்தான் கேப்பாராம். பசங்க முழிச்சாங்கன்னா உம்ம வேலைக்கு நான் பொறுப்பில்லை, ஆமாம்."

எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்ததே அந்த வேலையால்தான். கரும்பலகையில் கோடுகள் இழுத்துப் பார்த்தேன். பிள்ளைகள் கோடுகளை எண்ணினார்களேயன்றிப் பின்னத்தை அறியவில்லை. இறுதியில், கோயில் மடைப்பள்ளியில் பணிபுரிந்த சிநேகிதர் ஒருவரைக் கெஞ்சிக் குடலை இட்லி ஒன்று பெற்று வந்தேன். மூங்கிற் குடலைக்குள் மந்தாரை இலை பரப்பி மாவூற்றி வேகவைத்த, முழங்கை நீள இட்லி. பேனாக்கத்தியால் அதை இரண்டாக்கி அரை என்றேன். நான்காக்கிக் கால் என்றேன். வகுப்பில் அத்தகைய அமைதியை அதற்கு முன் நான் கண்டதில்லை. அந்தப் பெருமையில், சரியான விடைக்கு அந்தத் துண்டே பரிசு என்றும் அறிவித்துவிட்டேன்.

உடனே முனிரத்தினம் எழுந்தான். நெசவாளர் வீட்டுப் பிள்ளை.

"இந்த நாலு காலும் ஒண்ணு இல்லீங்க ஐயா."

"ஏண்டா?"

"அடித்துண்டுல மொளகெல்லாம் எறங்கிக்கினு இருக்குது. மேல்துண்டு வெறும் மாவுங்க."

வகுப்பே எழுந்து வந்து சோதித்தது. மிளகைப் பொறுக்கிச் சமமாகப் பங்கிடுவதிலேயே அன்றைய பாடம் முடிந்தது. ஆயினும் மேலும் மூன்று இட்லிகள் மறைந்தபின், வியாழக்கிழமைக்குள், பிள்ளைகள் அரைக்காலைக் கண்ணாலேயே அளந்தனர். உள்ளபடி கூறுவதானால், எனக்கும் மாகாணி அப்போதுதான் விளங்கிற்று.

வெள்ளியன்று இன்ஸ்பெக்டர் சரிகைத் தலைப்பாகையும் வியர்வையுமாக ஜட்கா வண்டியிலிருந்து இறங்கினார். தலைமையாசிரியர் வாசற்படியில் நிற்க, அவர் என் நாற்காலியில் அமர்ந்து ஒருமுறை மூச்சை இழுத்தார். அறையில் மிஞ்சியிருந்த மணந்தான் காரணமோ, அறியேன்; முனிரத்தினத்தை எழுப்பி, "ஒரு இட்லி, நாலு பேரு. பிரிச்சுக் குடு, பார்ப்போம்" என்றார்.

"எந்த நாலு பேருங்க?"

"யாரா இருந்தா உனக்கென்ன?"

"அது தெரியாம எப்பிடிங்க பிரிக்கறது?"

எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பார்த்து வளர்ந்த பங்கீடு கோயில் பிரசாதப் பங்கீடு. அங்கே முதலில் யார், அடுத்து யார், எவருக்கு எவ்வளவு என்பதெல்லாம் பாட்டன் காலத்து வரிசை. அதில் ஒருவர் முன்னே நகர்ந்தால் வழக்குப் போட்டு வக்கீல் வீட்டில் விளக்கேற்றிவிடுவார்கள். சமமாக அறுக்க நான் கற்பித்திருந்தேன். சமமாகக் கொடுக்கக் கற்பிக்க மறந்துபோனேன்.

"சரி, அதுல நான் ஒருத்தன்னு வெச்சுக்கோ" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அப்போ உங்களுக்கு அரைங்க. பெரிய வாத்தியாருக்குக் கால். எங்க ஐயாவுக்கு அரைக்கால்."

"மிச்சம்?"

"அதுவும் அரைக்கால்தாங்க. கடேசில நிக்கறவனுக்கு. அது நான்."

மனத்துக்குள் கூட்டிப் பார்த்தேன். பிசிறில்லாமல் ஒன்று வந்தது. சன்னலைப் பார்க்கும் அவசியம் நேரவில்லை.

"சமமாக் குடுன்னா?"

"ஆளுக்குக் கால்ங்க. ஆனா உங்களுக்கும் எனக்கும் ஒரே அளவு துண்டு வெச்சா, பார்க்கறவங்க என்னா சொல்லுவாங்க?"

வாசற்படியிலிருந்து தலைமையாசிரியரின் குரல் எழுந்தது: "ஏண்டா, எனக்குக் கால்தானா?"

"நீங்க தெனமும் இங்கயேதானே இருக்கீங்க. அவரு வருசத்துக்கு ஒருக்காதாங்க வர்றாரு."

இன்ஸ்பெக்டர் தலைப்பாகை நழுவச் சிரித்தார். பின்னம் நன்று, உபாத்தியாயரை நிலையாக அமர்த்தலாம் என்று எழுதிவிட்டு ஜட்கா ஏறினார். ஆனால் அந்தக் காகிதத்தில் தலைமையாசிரியரும் கையெழுத்திட வேண்டும். அவரோ அதை மேசைக்குள் போட்டுப் பூட்டிவிட்டார். "மொதல்ல உம்ம பசங்களுக்கு மரியாதையைக் கத்துக்குடும்" என்பதோடு சரி. திங்கள், செவ்வாய் இரு நாளும் என் முகத்தையே பாரார்.

புதன்கிழமை காலை முனிரத்தினம் தானாகவே அவர் அறைக்குள் போய் நின்றான்.

"ஐயா, இன்ஸ்பெக்டரு ஊருக்குப் போயிட்டாருங்களே. அவரு பங்கு உங்களுக்குத்தானே வரும்? அரையும் காலும் முக்கால்ங்க."

தலைமையாசிரியர் விட்டத்தைப் பார்த்தார். தாமும் ஒருமுறை கூட்டிப் பார்த்திருப்பார் போலும். மேசை திறந்தது; கையெழுத்து விழுந்தது. பையனை நான்தான் அனுப்பினேன் என்று அவர் ஓய்வுபெறும்வரை ஐயுற்றார். சத்தியமாக இல்லை. முந்தின நாள் சாயங்காலம் பேச்சோடு பேச்சாக அவனிடம் அதைப் பிரஸ்தாபித்தேன், அவ்வளவே.

அப்படி நிலைத்த வேலையில் முப்பது ஆண்டுகள் பின்னம் கற்பித்தேன். இடையே பாடம் மாறிற்று: மேலே ஓர் எண், கீழே ஓர் எண், நடுவே ஒரு கோடு. தெருவில் நமக்குத் தெரிந்த மனிதர்களைப் போல ஆளுக்கொரு பெயருடன் நடமாடிய பின்னங்கள், முதலில் பள்ளியையும் பிறகு கடைத்தெருவையும் விட்டு ஒவ்வொன்றாக வெளியேறின. போன வாரம் மளிகைக் கடையில் பழக்கதோஷத்தால் அரைக்கால் படி துவரம்பருப்பு கேட்டுவிட்டேன். பில் போட்டுக்கொண்டிருந்த பிள்ளை உட்புறம் திரும்பி, "அண்ணே, அரைக்கால்னு புதுசா ஏதாச்சும் கம்பெனி பருப்பு வந்திருக்குதா?" என்று கேட்டான்.

"ஸ்டாக் இல்லைன்னு சொல்லுப்பா" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.