மூன்று அறைகளில் மட்டும் புதுப் பெயிண்ட்

வீடு வாங்கப் போகிறவர்களுக்காக அந்த வீட்டை அடிமுதல் முடிவரை பார்த்து, எங்கே விரிசல், எங்கே ஒழுகல், எந்த வயர் பழசு என்று எழுதிக் கொடுப்பது அவர் வேலை. அதற்கு முன்னால் இருபது வருஷம் வயர்மேனாக இருந்தார். ஏணியிலிருந்து விழுந்து வலது முழங்கால் போன பிறகு, நாற்பத்தைந்து வயதில் பரீட்சை எழுதி, சான்றிதழ் வாங்கி, இந்தத் தொழிலுக்கு வந்தார். பட்டப்பகலிலும் கையில் டார்ச் லைட்டோடுதான் வீட்டுக்குள் நுழைவார். அதனால் எல்லோருக்கும் அவர் டார்ச்சு. வீட்டு புரோக்கர்கள் மட்டும் அவர் காதுபடவே 'டார்ச்சர்' என்பார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

அந்தப் புரோக்கர்களில் ஒருவன் அவருடைய மச்சான், மனைவியின் தம்பி. பத்தில் ஆறு வீடு அவன் சொல்லித்தான் அவருக்கு வந்தது. வாரக் கடைசியில் அக்கா வீட்டுச் சாப்பாடு. சாப்பிட்டுக்கொண்டே அடுத்த வாரத்து வேலைகளைச் சொல்லிவிடுவான். எட்டு வருஷம் இப்படிச் சுமுகமாகப் போனது.

பிறகு தெருக்கோடி வீடு வந்தது.

அதை வாங்க இருந்தவர்கள் ஒரு பஸ் டிரைவரும் அவர் மனைவியும். டார்ச்சு போனபோது அவர்கள் வாசலில் நின்றிருந்தார்கள். வீட்டுக்குள் ரூம் ஸ்பிரே வாசனை மூக்கைத் துளைத்தது. கீழே கூடத்தில் சுவரெல்லாம் அழுக்கு, சமையலறைச் சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு. ஆனால் மாடியில் மூன்று படுக்கையறைகளுக்கும் பளிச்சென்று வெள்ளைப் பெயிண்ட் அடித்திருந்தது. வீட்டை விற்க நினைப்பவன் வருகிறவர் கண்ணில் முதலில் படும் கூடத்தை விட்டுவிட்டு, மாடி அறைகளுக்கு எதற்குப் பெயிண்ட் அடிக்கிறான்? அவருக்கு அங்கேயே பொறி தட்டியது.

டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து, வெளிச்சத்தைச் சாய்வாக ஓடவிட்டார். நேராகப் பார்த்தால் தெரியாத மேடுபள்ளம் அப்படிப் பார்த்தால் தெரியும். சீலிங்கில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு இரண்டு வட்டங்கள், ஓட்டை போட்டு அடைத்த தடம். அதைச் சுற்றி வரிசை வரிசையாகக் கொக்கி மாட்டிய துளைகள், பட்டி பூசி மூடியிருந்தார்கள். ஜன்னல் சட்டம் முழுக்க டேப் ஒட்டிப் பிய்த்த பசை. படுக்கையறைக் கதவுகளில் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்த அடையாளம். தரையில் விரித்திருந்த புது விரிப்பை ஒரு மூலையில் தூக்கினார். மரப்பலகையில் வாளிகளை வைத்து எடுத்த மாதிரி வெளிறிய வட்டங்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் நிற்பது போல.

முழங்காலைப் பிடித்துக்கொண்டு கூரை இடுக்குக்குள் ஏறினார். மரச்சட்டங்கள் கரி பூசியது போலக் கறுத்திருந்தன. விரலால் தொட்டார், பூஞ்சை. ஆணிகளெல்லாம் துருவேறி உதிர்ந்தன. மாதக்கணக்கில் அந்த வீட்டுக்குள் ஈரமும் சூடும் அடைபட்டுக் கிடந்திருக்கிறது. அங்கேதான், ஸ்பிரே எட்டாத இடத்தில், பச்சை இலை புளித்த மாதிரி ஒரு நாற்றமும் இருந்தது.

கடைசியாக மீட்டர் பெட்டி. அதன் பின்னால் சுவரைக் குடைந்து, மீட்டருக்குள் கரண்ட் நுழைவதற்கு முன்பே மெயின் கேபிளிலிருந்து ஒரு கிளை எடுத்திருந்தார்கள். டெஸ்டரை வைத்தார். எரிந்தது. வயரின் தோல் சூட்டில் இளகிக் கறுத்திருந்தது.

வெளியே வந்தபோது, பக்கத்து வீட்டுக்காரர் வேலியோரம் நின்றிருந்தார்.

"அங்க யாரு சார் குடியிருந்தா?"

"யாரையும் பார்த்ததில்லை. ஜன்னல் திறந்ததே கிடையாது. ஆனா உள்ள ஃபேன் சத்தம் மட்டும் ஓயவே ஓயாது. மழை விட்டா எங்க கூரையெல்லாம் ஈரமா கிடக்கும், இந்தக் கூரை மட்டும் முதல்ல காஞ்சிடும். அதிசயமா இருக்கும்."

வீட்டை விற்றுக் கொடுக்க எடுத்திருந்த மச்சான் சமையலறையில் காத்திருந்தான்.

"மாப்ள, இது உள்ளயே ராப்பகலா லைட்டு போட்டுக் கஞ்சா வளர்த்த வீடுடா."

அவன் கதவைச் சாத்தினான். "மெதுவா பேசுங்க மாமா. வளர்த்தவன் போயி ஆறு மாசமாச்சு. சுவரு என்ன கஞ்சாவா அடிக்குது?"

"சுவரு பூஞ்சை அடிக்குது. அந்த வயரு என்னைக்கு வேணாலும் பத்திக்கும்."

"வயரை ஓனர்கிட்ட சொல்லி எடுத்துடறேன். நீங்க 'லேசான ஈரம்'னு எழுதுங்க. பொய்யில்லையே? ஈரம்தானே?"

"எவ்வளவு ஈரம்னு சேர்த்து எழுதறேன்."

எழுதினார். ஆறு பக்கம், படங்களோடு. டிரைவர் படித்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்க குடும்பத்தைக் காப்பாத்தினீங்க" என்று அந்த அம்மாள் கண் கலங்கினாள். அந்த வருஷத்தில் அவருக்குக் கிடைத்த கடைசி நல்ல வார்த்தை அது.

மச்சான் சண்டை போடவில்லை. சாப்பிட வருவதை நிறுத்திக்கொண்டான், அவ்வளவுதான். அவனோடு வேலையும் நின்றது. மற்றப் புரோக்கர்கள் காதுக்கும் விஷயம் போனது. டார்ச்சர் என்று கூப்பிட்டவர்கள் இப்போது சிரிக்காமல் கூப்பிட்டார்கள். ஒரு மாதம் போன் அடிக்கவே இல்லை.

"ஊருக்கெல்லாம் நல்லவரா இருங்க. வீட்டுக்கு மட்டும் ஆகாதவரா இருங்க" என்றாள் மனைவி. "என் தம்பி வாசப்படி மிதிச்சு எத்தனை நாளாச்சு தெரியுமா?"

"நான் அவனை வராதேன்னு சொல்லலையே."

"சொல்லணுமா? எழுதிக் குடுத்துட்டீங்களே, ஆறு பக்கம்."

மூன்று மாதம் கழித்து அந்தத் தெரு வழியாகப் போனவர் நின்றார். தெருக்கோடி வீட்டு ஜன்னலில் பூப்போட்ட திரைச்சீலை. வாசலில் குழந்தையின் மூன்று சக்கர சைக்கிள். விசாரித்ததில், ஒரு நர்ஸ் வாங்கியிருக்கிறாள், கணவன் இல்லை, ஆறு வயதுப் பெண் குழந்தை என்று தெரிந்தது. வேறு யாரோ பார்த்து ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். விற்றுக் கொடுத்தது மச்சான்.

அவருடைய ஆறு பக்கமும் காசு கொடுத்துப் பார்க்கச் சொன்ன டிரைவருக்குச் சொந்தம். தொழில் விதி அப்படி. மற்றவர் வீட்டைப் பற்றி வழியில் போகிறவரிடம் பேசக்கூடாது. இதையே சொல்லிச் சொல்லித் தன்னை அடக்கிக்கொண்டு, இரண்டு தடவை அந்த வீட்டைத் தாண்டிப் போனார். மூன்றாவது தடவை உள்ளேயிருந்து குழந்தை இருமுவது கேட்டது. விட்டு விட்டு வராமல், இழுத்து இழுத்து வந்த இருமல். மணியை அடித்துவிட்டார்.

நர்ஸ் முதலில் அவரை நம்பவில்லை. எதையோ விற்க வந்தவர் என்று நினைத்தாள். குழந்தையின் கட்டிலை நகர்த்தச் சொன்னார். கட்டிலுக்குப் பின்னால் வெள்ளைப் பெயிண்ட்டுக்கு மேலே கறுப்புப் புள்ளிகள் மறுபடியும் பூத்திருந்தன. நான் இதை டெட்டால் போட்டுத் துடைச்சுக்கிட்டே இருக்கேனே என்றாள். சீலிங் வட்டங்களைக் காட்டினார். ஜன்னல் பசையைக் காட்டினார். மீட்டருக்குப் பின்னால் ஒரு பலகை அடித்து மூடியிருந்தது; கழற்றினார். அதே வயர். மச்சான் எடுக்கச் சொல்லவில்லை, மறைக்கச் சொல்லியிருக்கிறான்.

அவள் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். "டாக்டர் கேட்டார் சார், வீட்ல ஈரம் இருக்கான்னு. புது பெயிண்ட்டு, சுத்தமான வீடுன்னு சொன்னேன்." பிறகு நிமிர்ந்து பார்த்தாள். "உங்களுக்கு எப்ப தெரியும்?"

"நாலு மாசமா."

"நாலு மாசம்" என்று மட்டும் சொன்னாள்.

கரண்ட் ஆபீசில் உடனே எழுதிக் கொடுங்கள், அதை அவர்கள்தான் துண்டிக்க வேண்டும் என்று அவர் சொன்னார். என்ன எழுத வேண்டும் என்பதையும் அவரே சொல்லிக் கொடுத்தார். அவள் எழுதினாள். ஆட்கள் வந்தார்கள், வயரைத் துண்டித்தார்கள், படம் பிடித்தார்கள். பத்து நாளில் கடிதம் வந்தது. வீடு யார் பேரில் இருக்கிறதோ அவர்தான் திருட்டு மின்சாரத்துக்குப் பொறுப்பு. அபராதம் நர்ஸுக்கு. விற்றவன் ஊரிலேயே இல்லை. வீட்டு இன்சூரன்ஸ் கம்பெனியோ, இப்படிப்பட்ட வீட்டுக்கு எங்களிடம் இடமில்லை என்று கைகழுவியது.

அவருக்கு அது தெரிந்தபோது அவள் வீட்டுக்குப் போனார். கதவு திறக்கவில்லை. உள்ளே ஆள் நடமாட்டம் கேட்டது.

இரண்டு மாதம் கழித்து அவளே போன் செய்தாள். கொஞ்சம் வர முடியுமா சார் என்றாள். வக்கீல் பார்த்திருப்பாள், சாட்சி கேட்பாள் என்று நினைத்து, டிரைவருக்குக் கொடுத்த ஆறு பக்கத்தின் நகலை, அவரிடம் சொல்லிவிட்டு, உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போனார். சலவைச் சட்டை போட்டுக்கொண்டார். நியாயம் ஒருவழியாக வாசலுக்கு வந்துவிட்டது என்றே நம்பினார் மனுஷன்.

வீட்டுக்குள் ரூம் ஸ்பிரே வாசனை. கூடத்தில் மச்சான் காபி குடித்துக்கொண்டிருந்தான்.

"உக்காருங்க மாமா."

அவர் உட்காரவில்லை. நர்ஸ்தான் பேசினாள். குழந்தையைத் தன் அக்கா வீட்டில் விட்டிருப்பதாகவும், அங்கே போனதும் இருமல் பாதி குறைந்துவிட்டதாகவும் சொன்னாள். வீட்டை விற்கப் போகிறாளாம். மாடிக்கு மறுபடி பெயிண்ட் அடித்தாகிவிட்டதாம்.

"நீங்க பார்த்து எழுதிக் குடுக்கணும் சார்."

"என்னன்னு?"

அவள் அவன் பக்கம் திரும்பினாள். மச்சான் சொன்னான்: "லேசான ஈரம்னு. உங்க கையெழுத்துன்னா யாரும் மறுபேச்சு பேச மாட்டாங்க மாமா. டார்ச்சர்கிட்டயே பாஸான வீடுன்னா, கண்ணை மூடிக்கிட்டு வாங்குவாங்க. அன்னைக்கு என் பொழப்பைக் கெடுத்தீங்க. அதே கையெழுத்து இன்னைக்கு இவங்களுக்காவது உதவட்டும்."

டார்ச்சு அவளைத்தான் பார்த்தார். "அடுத்து வர்றவங்க வீட்லயும் குழந்தை இருக்கும்மா."

"இருக்கும்" என்றாள். "அது என் குழந்தை இல்லை. சார், நீங்க சொன்னீங்கன்னுதான் எழுதிக் குடுத்தேன். அபராதம் எனக்கு. நீங்க ஒவ்வொரு தடவையும் உண்மையைச் சொல்லிட்டுப் போயிடறீங்க. அதுக்கப்புறம் இங்க குடியிருக்கறது நாங்க. விலை கம்மியா, இருக்கறதைச் சொல்லி விக்கலாம்னு பார்த்தேன், பேங்க் கடனுக்குக்கூடக் காணாது. நான் தெருவுலயா நிக்கறது?"

கொண்டுவந்த உறையை அவர் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"என்னால முடியாதும்மா" என்று மட்டும் சொன்னார்.

"சரி, போங்க" என்றாள். "தயவுசெஞ்சு வாங்கறவங்ககிட்ட போயி மணி அடிக்காதீங்க. அதையாவது செய்யுங்க."

வாசல்வரை மச்சான் கூடவே வந்தான். கேலி செய்வான் என்று அவர் எதிர்பார்த்தார். செய்யவில்லை. "வர்ற வாரம் அக்காவைப் பார்க்க வரேன் மாமா. தடுக்காதீங்க" என்றான்.

வந்தான். டார்ச்சு தடுக்கவில்லை. அக்காவும் தம்பியும் கூடத்தில் உட்கார்ந்து பேசினார்கள், மனைவி ரொம்ப நாள் கழித்து வாய்விட்டுச் சிரித்தாள். அவர் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் பின்பக்கம் போய் நின்றுகொண்டார். வீடு விற்றுப்போனது. யார் வாங்கினார்கள் என்று மனைவிக்குத் தெரியும். ஒருநாள் அவள் அதைச் சொல்ல ஆரம்பித்தாள். அவர் எழுந்து போய்விட்டார். போய் மணியடித்தாரா என்று பின்னால் அவரைக் கேட்டவர்களுக்கு, இல்லை என்றுதான் சொன்னார். அந்தத் தெருப்பக்கமே அவர் போவதில்லை, அதற்காகப் பஸ்ஸில் ஒரு நிறுத்தம் தள்ளி இறங்கி, அந்த முழங்காலை வைத்துக்கொண்டு நடக்கிறார்.

வீடு பார்க்கும் சான்றிதழை அவர் மறு வருஷம் புதுப்பிக்கவில்லை. இப்போது ஒரு ஹார்டுவேர் கடையில் கல்லாவுக்கு எதிர்ப்பக்கம், வயர், சுவிட்ச், பெயிண்ட் எடுத்துக் கொடுக்கும் வேலை. நிற்கிற வேலைதான், முழங்கால் சாயங்காலத்துக்குள் வீங்கிவிடும். கடைக்காரர் நல்லவர், நடுவில் உட்காரச் சொல்வார்.

போன மாதம் ஒருவர் வந்து, சுவரில் கறுப்பு கறுப்பாகப் பூத்திருக்கிறது, எந்தப் பெயிண்ட் நிற்கும் என்று கேட்டார்.

"ஈரம் எங்கேருந்து வருதுன்னு பார்த்தீங்களா? சுவரைச் சுரண்டி, காயவிட்டு, அப்புறம்தான் அடிக்கணும்" என்றார் டார்ச்சு.

"அதுக்கெல்லாம் நேரமில்லைங்க. வாடகைக்கு ஆள் வர்றாங்க. மறைஞ்சா போதும்."

அவர் திரும்பி, இரண்டாவது தட்டிலிருந்து கறை மறைக்கும் வெள்ளை டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"ஒரு கோட் பத்தாது. ரெண்டா அடிங்க" என்றார்.