அந்தோனியாருக்காக வளைந்த குழாய்

வெள்ளவத்தைச் சந்தையில் பொன்னாங்காணிக் கட்டு ஒன்றைக் கையில் எடுத்தால், நான் முதலில் இலை நுனியைத்தான் பார்க்கிறேன். கருகியிருந்தால் அது உவர்த் தண்ணீர் குடித்த கீரை. கட்டைத் திரும்ப வைத்துவிட்டு, ஒன்றும் வாங்காமல் வெளியே வந்து, கடலோர வீதியில் தெகிவளைப் பக்கமாக நடக்கத் தொடங்குவேன். திரும்பி வருவேன். மறுபடி நடப்பேன். நீரிழிவுக்கு நடை நல்லது என்று வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன்.

நான் ஓய்வுபெற்ற நில அளவையாளன். எரிவாயுக் குழாய் பதிக்கும் கம்பனி ஒன்று, களனி ஆற்றுக்கு அப்பால் ஹெந்தளைப் பக்கத்துக் கீரைத் தோட்டங்களுக்கூடாகப் பாதை கேட்டபோது, அங்குள்ள தமிழ்க் குடும்பங்களோடு பேச என்னை அமர்த்தியது. காணி அவர்களுடையதாகவே இருக்கும். அதில் ஒரு கீற்றின் கீழே குழாய் போகும். அந்தக் கீற்றின் மேல் கீரை போடலாம். மரம் நடக்கூடாது, தோண்டக்கூடாது. இதை விளக்கி ஒப்பம் வாங்குவதுதான் என் வேலை. எனக்கு அது நன்றாகவே வந்தது.

கடைசித் துண்டு ஒரு விதவையினுடையது. கீரையை விடியவே கட்டி, பஸ்ஸில் ஏற்றி, கொட்டாஞ்சேனைச் சந்தையில் விற்பார். அதுதான் அவருக்குச் சோறு. காணியின் நடுவில் சீமெந்துக் கூடு ஒன்று. உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் அந்தோனியார் சுரூபம். வரைபடத்தில் குழாயின் கோடு நேரே அந்தக் கூட்டின் மேலாக ஓடியது.

அதைப் பார்த்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. நான் சைவக்காரன். எங்கள் கோயிலில் ஒரு பிள்ளையாரை அசைப்பதென்றால் நாள் பார்த்து, குருக்கள் வந்து, கும்பம் வைத்துத்தான் ஆகும். அந்தக் கண்ணாலேயே இந்தக் கூட்டையும் பார்த்தேன். அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்பதே மரியாதைக் குறைவு என்று நினைத்தேன். நேரே பொறியியலாளரிடம் போனேன். சிங்களப் பெடியன், கெட்டிக்காரன்.

“அங்கிள், இந்தக் காணிக்குள்ள ஒருக்காத்தான் வளைக்கலாம். பிறகு வந்து மாத்து எண்டு நிக்கக்கூடாது.”

“ஒருக்காப் போதும், மல்லி,” என்று சிங்களத்தில் தம்பி முறை வைத்துச் சொன்னேன்.

கோடு கூட்டைச் சுற்றி, மேட்டுப் பக்கமாக வளைந்தது. இரண்டு மூன்று நாளைக்கு நான் பெருமையோடு திரிந்தேன்.

ஒப்பம் வைக்க வத்தளையில் பத்திரம் எழுதும் ஒரு நொத்தாரிசின் அறையில் கூடினோம். வரைபடத்தை அந்த அம்மாவின் முன் விரித்தேன்.

“அந்தோனியாரை ஒருத்தரும் தொடமாட்டினம், தங்கச்சி. நான் சண்டை பிடிச்சு வளைச்சனான்.”

அவர் வளைவின் மேல் விரலை வைத்தார். “இந்த மேட்டுலயா சேர்? இங்கதானே கோடைக் குழி வெட்டுறது.”

எனக்கு உடனே விளங்கிவிட்டது. மழை நின்று ஆறு வற்றினால் கடல் நீர் உள்ளே ஏறும். பள்ளத்துக் கிணறு உவர்த்துப்போகும். அப்போது அவர்கள் மணல் மேட்டில் குழி வெட்டி, அதில் ஊறும் நல்ல தண்ணீரை அள்ளிக் கீரைக்கு ஊற்றுவார்கள். மழை வந்ததும் குழியை மூடி அதன் மேலேயே பாத்தி கட்டிவிடுவார்கள். நான் போனதெல்லாம் மழைக்காலம். மேட்டில் பச்சையைத் தவிர வேறெதையும் காணவில்லை. குழாய் போனால் இனி அங்கே குழி வெட்டவே முடியாது.

“இப்ப அங்க குழி ஒண்டும் இல்லையே,” என்றேன்.

“மழைக்குள்ள எதுக்கு சேர்? தவக்காலத்துலதான் வெட்டுவோம்.”

நொத்தாரிசு பேனா மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். பெடியன் வெளியே வாகனத்தில் இருந்தான். நான் எழும்பிப் போய், நான் கேட்ட வளைவு பிழை என்று அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான் காரணம், வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

“அதைப் பிறகு பாப்பம். சாமிக்காக இவ்வளவு செய்திருக்கு. நீங்களே இப்பிடிக் கதைக்கலாமா?”

அந்தச் சொல் அவர் வாயை அடைக்கும் என்று தெரிந்துதான் சொன்னேன். அவர் ஒப்பம் வைத்தார். போகும்போது என் கையில் ஒரு கட்டு வல்லாரை தந்தார்.

குழாய் புதைந்தது. ஈஸ்டருக்கு முந்திய தவக்காலம் வந்தது, வெயில் ஏறியது. எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. கம்பனிக்குப் போய்க் கேட்டுப் பார்த்தேன். புதைத்த குழாயை யார் கிளப்புவது என்று சிரித்தார்கள். ஒரு நாள் புறக்கோட்டைக்குப் போய், அங்கிருந்து ஹெந்தளைக்கு பஸ் ஏறினேன்.

பாத்திகள் நுனி கருகிக் கிடந்தன. அந்த அம்மா என்னைக் கண்டதும் சிரித்தார்.

“வாங்க சேர். அந்தோனியாரப் பாக்கவா வந்தீங்க?”

நின்றபடியே சொல்லிவிட்டேன். “அண்டைக்குக் குழி எண்டு நீங்க சொன்ன உடனேயே எனக்கு விளங்கினது. விளங்கித்தான் உங்கள வாய் திறக்க விடேல்ல.”

“தெரியும் சேர். உங்க மொகத்துலயே இருந்துச்சே.” சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டார். “ஆனா ஏன் சேர் எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல? அந்தோனியாரு ஜூன் மாசத் திருநாள் வந்தா வீடு வீடாப் போறவரு. ஆட்டோவுலகூடப் போயிருக்காரு. எங்க வெச்சாலும் இருப்பாரு. தண்ணிய அப்பிடித் தூக்கி வெக்க ஏலுமா?”

“வீட்டுக் குழாய்த் தண்ணிக்கு ஒழுங்கு செய்து தரட்டா?”

“கீரைக்கு பில் கட்டவா? நல்ல ஆளு நீங்க!” பிறகு சிரிப்பு நின்றது. “மகள் கொட்டாஞ்சேனைக்கே வந்து இருக்கச் சொல்லுறா. இண்டைக்குப் போறேன். வந்ததுக்கு ஒரு கை குடுங்க.”

கூட்டைத் திறந்து சுரூபத்தை என்னிடம் நீட்டினார். நான் காலை ஊன்றி, இரண்டு கைகளாலும் வாங்கினேன். உள்ளே வெறும் பொள்ளல். ஒரு கை போதும்.

ஆட்டோ தெருவில் நின்றது. வரப்பில் மெல்ல நடந்தேன். குழாய் போகும் இடத்தில் மஞ்சள் கட்டை நட்டிருந்தார்கள். அதைச் சுற்றிப் போகையில் கால் சறுக்கியது.

பின்னாலிருந்து அவர் குரல் கொடுத்தார். “பாத்து சேர், போட்டு ஒடைச்சிராதீங்க! அவருக்காகத்தானே வளைச்சீங்க!”

அவரையும் சுரூபத்தையும் ஏற்றிக்கொண்டு ஆட்டோ போன பிறகும் நான் பஸ்ஸுக்குப் போகவில்லை. கூட்டின் கதவு திறந்தபடி கிடந்தது. போய்ச் சாத்தினேன். கொளுக்கி நிற்கவில்லை. மறுபடி சாத்தினேன்.