முருகன் படத்துக்கு முன்னால் ஒரு பொய்

செத்துவிடுவேன் என்றுதான் நினைத்தேன். நான் மட்டும் இல்லை, வயிற்றில் இருந்த பிள்ளையும். போன வருஷம், நாற்பத்தெட்டு ஆவணி மாதம், தாராவியில் எங்கள் சந்துக் குழாயடியில் குடத்தோடு வரிசையில் நின்றவள் அப்படியே சரிந்தேன். எனக்கு அப்போது ஏழாம் மாதம். நெஞ்சு அடித்த அடியில் ரவிக்கைத் துணி தனியாக ஆடியது என்று பக்கத்தில் நின்றவர்கள் பிறகு சொன்னார்கள்.

கிருத்திகைக்குக் கிருத்திகை இங்கே கூடும் அடியார்களிடம் ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். நீங்கள் எழுந்து நின்று சொல்லும் அனுபவங்களில் பாதியை நான் நம்பியதில்லை. காய்ச்சல் தானாக இறங்கியிருக்கும், அதைக் கொண்டுபோய் முருகன் கணக்கில் எழுதுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். என் புத்தி அப்படி. பால்காரன் என் கண் முன்னால் மாட்டைக் கறந்தாலும் செம்புக்குள் முன்னமே தண்ணீர் இருந்ததா என்று கவிழ்த்துப் பார்ப்பேன். ரேஷன் கடையில் எல்லோரும் தராசைப் பார்ப்பார்கள், நான் தராசு பிடிக்கிறவன் விரலைப் பார்ப்பேன். அப்படிப்பட்டவளே சொல்கிறேன், கேளுங்கள்.

என் நெஞ்சில் பிறவிக் கோளாறு. குழந்தை பிறந்த சில நாளில் தானாக மூடிக்கொள்ள வேண்டிய ஒரு ரத்தக் குழாய் எனக்கு மூடவில்லை. அது தெரியாமலே கல்யாணம் ஆகி, திருநெல்வேலிச் சீமையை விட்டுப் பம்பாய்க்கும் வந்துவிட்டேன். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். சோம்பேறி என்று பேர் வாங்கினேன். எங்கள் வீட்டுக்காரருக்குத் தோல் கிடங்கில் வேலை. அவர் முதலாளி சொல்லித்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். நாற்பத்தேழு மாசியில் இடது விலாவைத் திறந்து அந்தக் குழாயைப் பட்டு நூலால் கட்டினார்கள்.

ஒரு பைசா வாங்கவில்லை. அதுவே எனக்கு உறுத்தியது. ஒரு கை உப்பு சும்மா கிடைக்காத ஊரில் நெஞ்சைத் திறந்து சும்மா தைத்துத் தருவார்களா? வெள்ளைக் கோட்டுப் போட்ட பையன்கள் வரிசையாக வந்து காதில் மாட்டும் குழாயை என் நெஞ்சில் வைத்துக் கேட்டுவிட்டுப் போவார்கள். ஏழை உடம்பை வைத்துக் கைப்பழக்கம் செய்கிறார்கள் என்று முடிவு கட்டினேன்.

ஆபரேஷனுக்குப் பிறகு மூச்சு வாங்குவது நின்றது. ஆனால் துடிப்பு முறை கெட்டுவிட்டது. இருட்டில் படி இறங்கும்போது இன்னொரு படி இருக்கிறது என்று நினைத்துக் கால் வைத்தால் திக்கென்று ஆகுமே, அப்படி ஒரு திக் நெஞ்சுக்குள். பிறகு சும்மா இருக்கும். பிறகு நாலு அடி சேர்ந்தாற்போல் அடிக்கும். டாக்டர் நிதானமாக ஏதோ விளக்கினார். நாகர்கோவில் பக்கத்து நர்ஸ் ஒருத்தி எனக்குத் தமிழில் சொன்னாள். துடிப்பு இனி இப்படித்தான் இருக்கும், அது தறிகெட்டு ஓடாமல் இருக்கத் தினம் ஒரு மாத்திரை, இரண்டு வருஷத்துக்குப் பிள்ளை வேண்டாம், அவ்வளவுதான். டாக்டர் இருபது வார்த்தை பேசினால் இவள் ஐந்து சொல்கிறாளே, மீதியை யாருக்கு வைத்திருக்கிறாள் என்று நான் யோசித்தேன். கட்டின நூல் அவிழ்ந்துவிட்டது, மறைக்கிறார்கள் என்று தோன்றியது.

ஒரு வருஷத்திலேயே வயிற்றில் உண்டாகிவிட்டது. ஆஸ்பத்திரிக்குத் தெரிந்தால் கலைத்துவிடுவார்கள் என்ற பயத்தில் அங்கே போவதை நிறுத்தினேன். அடுத்த வீட்டுப் பேச்சியக்கா ஒரு நாள் என் மாத்திரை டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தாள்.

"ஏட்டி, இது சூட்டு மாத்திரைலா. உள்ள இருக்க பிள்ளை வெந்துபோவும். இதைத் தூரப்போட்டுட்டு வெந்தயத்தை ஊறவெச்சுக் குடி. நெஞ்சு தன்னால குளுந்துரும்" என்றாள்.

யாரையும் நம்பாத நான் இதை மட்டும் நம்பினேன். எனக்கே வெட்கமாக இருக்கிறது. படித்த டாக்டரைச் சந்தேகப்பட்டவளுக்கு மோந்து பார்த்துச் சொன்ன வைத்தியம் பிடித்துவிட்டது. சாயங்காலம் கிடங்கிலிருந்து வந்ததும் அவர், "மாத்திரை போட்டியா புள்ள?" என்று கேட்பார். "போட்டேன்" என்பேன். இரண்டு மாதம் அப்படியே போனது. கால் வீங்கியது. படுத்தால் மூச்சு முட்டியது. பிள்ளைத்தாய்ச்சிக்கு இதெல்லாம் உள்ளதுதான் என்றாள் பேச்சியக்கா. முருகன் படத்துக்குத் தினமும் விளக்கேற்றிக் கும்பிட்டேன். கும்பிடும்போதே இவன் கேட்கிறானா இல்லையா என்று ஒரு கண்ணால் பார்க்கிற கும்பிடு அது.

அப்புறம்தான் குழாயடியில் விழுந்தேன். என்னைத் தூக்கி வந்து வீட்டில் சுவரோடு சாய்த்து வைத்தார்கள். ஆள் போய்ச் சொன்னதும் அவர் கிடங்கிலிருந்து ஓடி வந்தார். மாத்திரையை நிறுத்திவிட்டேன் என்று அப்போதுதான் சொன்னேன். அவர் திட்டவில்லை. குதிரை வண்டி கொண்டுவருகிறேன், ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றார்.

"நான் வரமாட்டேன். போனா பிள்ளையை எடுத்துப்போடுவாங்க."

"நீ இருந்தாத்தான பிள்ளை? உன் உதட்டைப் பாரு, நீலம் பாரிச்சுக் கெடக்கு."

"அப்ப முருகன்ட்ட கேளுங்க. பூக்கட்டிப் பாருங்க. வெள்ளை வந்தா வாறேன். சிவப்பு வந்தா இங்கனயேதான் கெடப்பேன்."

வெள்ளைப் பூவையும் சிவப்பு அரளியையும் தனித்தனியாகக் காகிதத்தில் மடித்துச் சாமி முன்னால் போட்டு, கண்ணை மூடி ஒன்றை எடுப்பது நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் கட்டுகிறேன் என்று பேச்சியக்கா முன்னால் வந்தாள். அவள் தன் இஷ்டப்படி கட்டிவிடுவாள் என்று நான் விடவில்லை. கிடங்கிலிருந்து ஒரு ஆணியைக்கூடத் தெரியாமல் எடுத்து வராத மனிதர் எங்கள் வீட்டுக்காரர். அவரே கட்டட்டும் என்றேன். அவர் கோயில் தெருவுக்கு ஓடிப் பூ வாங்கி வந்தார். முதுகைக் காட்டி உட்கார்ந்து மடித்தார். இரண்டு பொட்டலத்தையும் படத்துக்கு முன்னால் போட்டார்.

நான் கண்ணை மூடி ஒன்றை எடுத்தேன். வெள்ளை. "முருகா" என்று சொல்லிவிட்டு அவர் வண்டி பிடிக்கப் போனார். அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை. அதுதான் எனக்கு இடித்தது. மெதுவாக நகர்ந்துபோய் இன்னொரு பொட்டலத்தையும் பிரித்தேன். அதிலும் வெள்ளை.

அவர் திரும்பி வந்தபோது இரண்டு பூவும் என் மடியில் இருந்தன. இது என்ன என்று கேட்டேன். வாசலிலேயே நின்றார்.

"கள்ளம்தான். சாமி முன்னாலயே கள்ளம் பண்ணிட்டேன். அந்தக் குத்தம் எம்மேல வரட்டும். நீ வண்டில ஏறு புள்ள" என்றார்.

அவர் அழுது நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. என் ஆயுசில் எத்தனையோ பேரைச் சந்தேகப்பட்டிருக்கிறேன். கையும் களவுமாகப் பிடித்தது அந்த ஒரு தடவைதான், பிடித்ததும் எனக்குக் கோபம் வரவில்லை. இரண்டு மாதம் அதே படத்துக்கு எதிரே நின்று மாத்திரை போட்டேன் என்று பொய் சொன்னவள் நான். அவர் தோளைப் பிடித்துக்கொண்டு வண்டியில் ஏறினேன்.

ஆஸ்பத்திரியில் யாரும் பிள்ளையைக் கலைக்கவில்லை. இன்னும் ஒரு நாள் தள்ளியிருந்தால் இரண்டு பேரும் இல்லை என்று மட்டும் டாக்டர் சொன்னார். அதே மாத்திரையைத் திரும்பக் கொடுத்தார்கள். நாலைந்து நாளில் ஓட்டம் அடங்கியது. கால் வீக்கம் வடிந்தது. பேறுகாலம் வரைக்கும் என்னை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். கார்த்திகையில் பெண் குழந்தை பிறந்தது.

டாக்டர் குழந்தை நெஞ்சில் காதுக் குழாயை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். எதையும் மறைக்காமல் சொல் என்று நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒரு சத்தம் கேக்குதாம். உனக்கு மூடாம இருந்ததுல்லா, அதே குழாய். பச்சைப் பிள்ளைகளுக்கு அது மூட நாளாகும். தன்னால மூடிரலாம், மூடாமலும் இருந்துரலாம். இப்பச் சொல்ல முடியாதாம். நான் ஒரு வார்த்தை விடல தாயி" என்றாள்.

எங்கள் வீட்டுக்காரர் வெளியே பெஞ்சில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இரண்டு நாள் சாப்பிடவில்லை. பிள்ளையைத் தொடவும் இல்லை.

"எம்மேல வரட்டும்னுதான சொன்னேன். நான் பண்ணின கள்ளத்தைக் கொண்டுபோய்ப் பிள்ளை நெஞ்சுல வெச்சிட்டாரே" என்றார்.

என் நெஞ்சு ஒழுங்காகட்டும் என்று அதுவரை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அன்றைக்கு அதைக் கேட்கவில்லை. படுத்தபடியே பிள்ளையை மார்பில் போட்டுக்கொண்டு முருகனிடம் பேசினேன். அந்த மனுஷன் உன் முன்னால் செய்த கள்ளத்தால்தான் நாங்கள் இரண்டு உயிர் இங்கே கிடக்கிறோம். அதற்காக நீ இந்தச் சிசுவைத் தண்டிக்கிறவன் என்றால் உனக்கு விளக்கேற்ற என்னால் முடியாது. தண்டிக்கிறவன் இல்லை என்றால் இவள் நெஞ்சை மூடிக்கொடு. என் துடிப்பு எப்படி வேண்டுமானாலும் கெட்டுப்போகட்டும், நான் கேட்க மாட்டேன். இதுதான் நான் இரண்டு கண்ணையும் மூடிக் கும்பிட்ட முதல் கும்பிடு.

அன்று முதல் பிள்ளை நெஞ்சில் காதை வைத்துக் கேட்பேன். எனக்கு என்ன தெரியும்? இருந்தாலும் கேட்பேன். மூன்று வாரம் கழித்து டாக்டர் மறுபடி குழாயை வைத்தார். வெகு நேரம் கேட்டார். இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டார். அவரும் கேட்டார். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டார்கள்.

"ஒண்ணும் கேக்கல" என்றாள் நர்ஸ்.

"ஒண்ணும் கேக்கலன்னா? துடிப்பே கேக்கலயா?"

"ஐயோ, அந்தச் சத்தம் இல்ல. மூடியாச்சு."

நான் நம்பவில்லை. என் காதில் மாட்டுங்கள் என்றேன். டாக்டர் சிரித்துவிட்டு மாட்டினார். என் பிள்ளையின் நெஞ்சு ஓட்டமாக, ஒரு அடி பிசகாமல், ஒரே சீராக அடித்தது. பிறகு அதை என் நெஞ்சில் வைத்துக்கொண்டேன். என்னுடையது பழைய கதைதான். எங்கள் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுப் பிள்ளையைக் கையில் கொடுத்தேன். வாங்கியவர் வெகு நேரம் கீழே விடவில்லை.

நிறையக் குழந்தைகளுக்கு அது தன்னால் மூடும் என்று டாக்டர் சொன்னார். இருக்கலாம். எனக்கு மூடவில்லையே. நான் கேட்டேன், என் பிள்ளைக்கு மூடியது. வேறு யார் கணக்கில் இதை எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை, முருகன் கணக்கிலேயே எழுதிவிட்டேன். இவர் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்தார். சாமி முன்னால் செய்த கள்ளத்துக்கு அது அபராதம் என்கிறார். அது நன்றி என்று நான் நினைக்கிறேன்.

என் நெஞ்சு இன்றைக்கும் முறை தவறித்தான் அடிக்கிறது. உங்களோடு பேசும் இந்த நேரத்தில்கூட இரண்டு தடவை திக்கென்றது. மாத்திரையை ஒரு நாள் விடுவதில்லை. அதைக் கையில் வைத்து முருகா என்று சொல்லித்தான் விழுங்குகிறேன். இங்கே சந்தேகத்தோடு உட்கார்ந்திருக்கிறவர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்குத்தான் சொல்கிறேன். சந்தேகம் தீர்ந்த பிறகு கும்பிடலாம் என்று காத்திருக்காதீர்கள். அதையும் கூட்டிக்கொண்டே வந்து கும்பிடுங்கள். திட்டினாலும் அவன் கேட்டுக்கொள்கிறான்.

வீட்டுக்கு வந்த பிறகும் தினம் காலையில் பிள்ளை நெஞ்சில் காதை வைத்துக் கேட்பதை நான் விடவில்லை. எட்டு மாதம் ஒரு நாள் தவறியதில்லை. போன வெள்ளிக்கிழமை மத்தியானம் அவளுக்குப் பருப்புச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். பாதியில்தான் ஞாபகம் வந்தது, அன்று காலையில் நான் கேட்கவே இல்லை. கையைக் கழுவிவிட்டு வந்து கேட்கலாம் என்று எழுந்தேன். அவள் வாயைத் திறந்துகொண்டு என்னைப் பார்த்தாள். மறுபடி உட்கார்ந்து அடுத்த வாய்ச் சோற்றை ஊட்டினேன்.