ஞானசேகரன் அண்ணனிடம் இருந்த என் குரல்

வெள்ளிக்கிழமை காலை மீனா தொலைபேசியில் அழைத்தாள். எனக்குப் பேச்சு இல்லை என்று தெரிந்தவர்கள் அழைக்க மாட்டார்கள், குறுஞ்செய்திதான் அனுப்புவார்கள். அதனால் மணி அடித்தபோதே விஷயம் புரிந்துவிட்டது. "அத்தை, நீங்க ஒண்ணும் பேச வேண்டாம், கேட்டுக்கிட்டாப் போதும். அப்பா தவறிட்டாங்க" என்றாள். கேட்டேன் என்பதற்கு அடையாளமாகக் கைப்பேசியை நகத்தால் தட்டினேன். அவள் அழுது முடிக்கும்வரை அதைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

மீனாவின் தந்தை திரு. ஞானசேகரன் எங்கள் மெல்லிசைக் குழுவின் கீபோர்டு கலைஞர். வார நாள்களில் அடுக்குமாடி வீடுகளின் மின்தூக்கிகளைப் பழுது பார்த்தார். வாரக் கடைசியில் கல்யாணம், கோயில் திருவிழா என்று எங்களோடு மேடையேறினார். நான் அந்தக் குழுவின் பாடகி. சிங்கப்பூரில் ஃபேரர் பார்க் பக்கம் ஒரு கடையின் மாடியில்தான் ஒத்திகை. முதல் நாளே என் சுருதி கால் இழை இறங்கியிருக்கிறது என்றார். உங்கள் காதைத்தான் சோதிக்க வேண்டும் என்றேன். டேப்பைப் போட்டுக் கேட்டோம். அவர் சொன்னதுதான் சரி. அன்றிலிருந்து அவர் எனக்கு அண்ணன், நான் அவருக்கு வாயாடி.

அவருடைய பெரிய சொத்து, தொண்ணூறுகளில் வாங்கிய ஒரு சாம்ப்ளர். எந்த ஒலியைப் பதிந்து கொடுத்தாலும், கீபோர்டில் விரல் வைத்ததும் அதைத் திருப்பித் தரும் கனமான பெட்டி. அணைத்தால் எல்லாவற்றையும் மறந்துவிடும். ஒவ்வொரு முறையும் டிஸ்கிலிருந்து அதன் மெமரியில் ஏற்ற வேண்டும். ஏற்றி, அன்றைய மேடைக்கு ஏற்பச் சுருதியை மாற்றிய கையோடு, ஒரு சுரம்கூட வாசிக்காமல் அதே டிஸ்கில் அதே பெயரில் சேமித்துவிடுவார். அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் நடக்கும் கல்யாணங்களில் சமையல்காரர் இன்னொரு வெந்நீர் பாய்லரைச் செருகினால் போதும், மின்சாரம் போய்விடும். அந்தப் பயம் அவருக்கு.

பிரதியும் எடுக்க மாட்டார். ஒருமுறை பழைய பிரதியை ஏற்றிவிட்டதால், மணப்பெண் நுழையும் பாட்டை நான் எட்டாத கட்டையில் கத்த வேண்டியதாயிற்று. "ரெண்டு இருந்தா எது சரின்னு குழம்பும். ஒண்ணு போதும்" என்று அன்றே முடிவு கட்டினார். நாங்கள் கேலி செய்தோம். ஆனால் அதன்பிறகு அவர் மேடையில் தவறியதில்லை.

பின்னர் எனக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. குரல்வளையை எடுத்தால்தான் பிழைக்கலாம் என்றார்கள். உறவினர்கள் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லிப் பழம் வாங்கிவந்தார்கள். அண்ணன் மட்டும், "வாம்மா, குரல் இருக்கிறப்பவே பதிஞ்சு வெச்சிடலாம்" என்றார். கசப்பான பேச்சுதான். ஆனால் உண்மையைச் சொன்னவர் அவர் ஒருவரே. அறுவை சிகிச்சைக்கு முன்னால், அவர் வீட்டு அறையில் ஆகாரம், ஈகாரம், ஊகாரம் என்று ஒவ்வொரு சுரமாகப் பாடிக் கொடுத்தேன்.

சிகிச்சை முடிந்ததும் கழுத்தில் வைத்துப் பேசும் கருவி ஒன்று தந்தார்கள். அதன் குரலைக் கேட்க எரிச்சலாக இருந்தது, அலமாரியில் போட்டேன். அண்ணனின் பெட்டியோ என் குரலிலேயே ஆலாபனை செய்தது. வார்த்தைகள் இல்லை, ஆனாலும் அது நான்தான். மேடை ஓரத்தில் உட்கார்ந்து என்னை நானே கேட்டு அழுதேன். அடுத்த நிகழ்ச்சி எப்போது என்று எழுதிக் காட்டினேன்.

ஒரே குறை, பெட்டியின் மெமரி சிறியது. என் குரலில் பாதிதான் ஒரு நேரத்தில் ஏறும். மேல் ஸ்தாயிக்குப் போக வேண்டுமானால் நிறுத்தி, மாற்றி ஏற்ற வேண்டும். முழுக் குரலையும் ஒன்றாக ஏற்றியே தீருவது என்று அண்ணன் பிடிவாதமாக இருந்தார். அந்தப் பழைய வகை மெமரியை இப்போது யாரும் செய்வதில்லை. பழைய கணினிப் பாகங்கள் விற்கும் கடையில் தேடி, அதே நீளத்தில் ஒரு ஜோடி வாங்கினார். எல்லாம் ஒன்றுதான் என்று கடைக்காரர் சொன்னாராம்.

பொருந்தியது. திரையிலும் முழு அளவு காட்டியது. ஆனால் அது வேறு கணினிக்குச் செய்த மெமரி. பெட்டியின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல், ஏற்றிய ஒலியை உள்ளேயே சிதைத்துவிட்டது. அண்ணனுக்கு அது தெரியாது. முழுக் குரலையும் ஏற்றினார். வழக்கம்போல, வாசிப்பதற்குமுன் சேமித்தார். பிறகுதான் விரலை வைத்தார். எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல் கேட்டதாம். பழைய மெமரியைத் திரும்பச் செருகிப் பார்த்தார். டிஸ்கிலேயே இப்போது கடுகுதான் இருந்தது.

புக்கிட் மேராவில் என் வீட்டு வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார். "போயிடுச்சு கமலா. நானே அழிச்சிட்டேன்" என்றார். நான் இரண்டாம் முறை ஊமையானேன். ஆனால் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தபிறகு யாரால் கோபப்பட முடியும்? கோபம் இல்லை என்று எழுதி நீட்டினேன்.

வாசித்துவிட்டு, "எழுத்துல யாரும் எதையும் எழுதலாம்மா. உன் குரல்ல சொன்னாத்தான் நம்புவேன்" என்றார். என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கே அப்புறம்தான் உறைத்தது.

அதன்பின் அவர் மேடையேறவில்லை. சரியான மெமரியை எங்கெங்கோ தேடி வரவழைத்தார். கெட்டுப்போன ஒலிக்கு அது என்ன செய்யும்? மேளமும் கைதட்டலும் கலந்த என் பழைய கேசட்டுகளைக் கொடுத்தால் கணினியே புதுக்குரல் செய்து தரும் என்று விஷயம் தெரிந்தவர்கள் சொன்னார்கள். நான் பாடாததையெல்லாம் பாடும் ஒன்று எனக்கு எதற்கு? வேண்டாம் என்றுவிட்டேன். வரும்போதெல்லாம் அவர், கோபமா என்று கேட்பார். நான் இல்லை என்று எழுதுவேன். அவர் நம்பமாட்டார்.

பிறகு சிறுநீரகம் கெட்டு அவர் படுத்துவிட்டார். அந்த டிஸ்கைத் துழாவிய மீனா, கெடாத துண்டு ஒன்றைக் கண்டெடுத்தாள். மைக்கைச் சோதிக்கும்போது தவறிப் பதிந்தது. வேண்டாதது என்று அண்ணன் அதை ஒருநாளும் பெட்டியில் ஏற்றவில்லை; ஏற்றாததால் அது தப்பித்திருக்கிறது. என் கைப்பேசிக்கு அனுப்பினாள். "ஏண்ணே, ஃபேனையும் ஆஃப் பண்ணிட்டு எவ்ளோ நேரம்தான் உட்கார வைப்பீங்க?" மைக்கில் சத்தம் விழுமே என்று மின்விசிறியை நிறுத்தி, சன்னலையும் சாத்தியிருந்தார். வியர்வையில் நான் சிடுசிடுத்தது அது. இந்த உலகத்தில் கலப்பில்லாமல் மிஞ்சிய என் குரல் அவ்வளவுதான்.

கைப்பேசியை மருத்துவமனைக்கு எடுத்துப் போனேன். அண்ணனுக்கு நினைவு இருந்தது. அவர் காதருகே வைத்து ஒலிக்கவிட்டேன். பக்கத்துக் கட்டிலைப் பார்க்க வந்திருந்த சீன மாது, பேசியது யார் என்று திரும்பிப் பார்த்தார். இன்னொரு முறை என்று அண்ணன் விரலால் காட்டினார். மறுபடி போட்டேன். பிறகு மறுபடியும். அவர் முகம் தெளியும் என்று காத்திருந்தேன்.

"கோவமாத்தான் இருக்கே கமலா" என்றார்.

மறுத்துத் தலையைப் பலமாக ஆட்டினேன். அதற்குள் அவர் கண்ணை மூடியிருந்தார். அவர் உள்ளங்கையில் விரலால் இல்லை என்று எழுதினேன். கை மடங்கவில்லை. அதன்பிறகு அவர் விழிக்கவே இல்லை என்று மீனா சொன்னாள்.

மண்டாய் தகனச் சாலையில் எல்லாரும் வாய்விட்டு அவரை வழியனுப்பினார்கள். நான் உதட்டை மட்டும் அசைத்தேன். அண்ணே, எழுத்தை நீங்கள் நம்பமாட்டீர்கள், தெரியும். என்னிடம் இருப்பது அதுதான். அது புழுக்கத்தில் வந்த கோபம், உங்கள்மேல் வந்ததல்ல. போய் வாருங்கள்.